பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையம்

பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையம் என்பது, படிப்பை முடிக்கவிருக்கும் மாணவர்களையும் ஆள் தேடும் நிறுவனங்களையும் வளாகத்துக்குள்ளேயே சந்திக்க வைக்கும் அலுவலகம். அரசு தீட்டும் வேலைவாய்ப்புத் திட்டங்கள் மாணவரை எட்டுவதும், மாணவர் பெற்ற வேலைகளின் கணக்கு அரசுக்குப் போய்ச் சேர்வதும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘பிளேஸ்மெண்ட் செல்’ என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தப் பணியைப் பல்கலைக்கழக–தொழிலக ஒத்துழைப்பு மையம் செய்கிறது.

இத்தகைய அலுவலகங்களுக்கு முன்னோடி இங்கிலாந்தில் உருவானது. ஆக்ஸ்போர்டு 1892இலும் கேம்பிரிட்ஜ் 1902இலும் பட்டதாரிகளுக்கு வேலை தேடித்தரக் குழுக்களை அமைத்தன. இந்தியாவில் விடுதலைக்குப் பின் இந்தப் பொறுப்பை அரசே எடுத்துக்கொண்டது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் வந்தது. பல்கலைக்கழக வளாகங்களிலும் அரசு வேலைவாய்ப்புத் துறையின் தகவல், வழிகாட்டு மையங்கள் திறக்கப்பட்டன. பதிவு செய்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பது அன்றைய பட்டதாரியின் வழக்கம். தொண்ணூறுகளுக்குப் பின் மென்பொருள் நிறுவனங்கள் கல்லூரிகளுக்கே வந்து கூட்டங்கூட்டமாக ஆள் எடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வேலைவாய்ப்பு அலுவலர் அரசு ஊழியராக இருந்த காலம் போய், கல்லூரி நிர்வாகத்தின் ஆளாக ஆனார்.

பொறியியல் கல்லூரிகளில் ஆள் எடுப்பு பெரும்பாலும் ஏழாம் பருவத்தை ஒட்டித் தொடங்குகிறது. நிறுவனம் முதலில் வேலையின் தன்மை, ஆண்டுச் சம்பளம், தகுதி வரம்பு ஆகியவற்றை அனுப்பும். பத்தாம் வகுப்பிலிருந்தே 60 விழுக்காடு மதிப்பெண், நிலுவையில் அரியர் இருக்கக்கூடாது என்பவை வழக்கமான நிபந்தனைகள். இந்தச் சல்லடையில் பாதி வகுப்பு சலிக்கப்பட்டுவிடுவதும் உண்டு. மீந்தவர்களுக்கு நிறுவன அறிமுகக் கூட்டம், கணினிவழித் திறனறித் தேர்வு, தொழில்நுட்ப நேர்காணல், எச்.ஆர். நேர்காணல் என்று படிப்படியாக நடக்கும். கல்லூரி சிறியதாக இருந்தால் பல கல்லூரி மாணவர்களை ஓரிடத்தில் கூட்டி ‘பூல் கேம்பஸ்’ நடத்துவார்கள்.

கிடைக்கும் இடங்களைப் பங்கிடுவதில்தான் மையத்தின் அதிகாரம் தெரிகிறது. ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்ற விதியைப் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. அது இல்லாவிட்டால் வகுப்பின் முதல் பத்துப் பேர் எல்லா ஆஃபர்களையும் அள்ளிவிடுவார்கள். அதற்கு விலக்காக, கூடுதல் சம்பளம் தரும் ‘ட்ரீம்’ நிறுவனம் வந்தால் ஏற்கெனவே தேர்வானவரும் மறுபடி போட்டியிடலாம். ஐ.ஐ.டி.களில் டிசம்பர் முதல் தேதியில் ஆள் எடுப்புப் பருவம் தொடங்குகிறது. எந்த நிறுவனத்துக்கு முதல் நாள் இடம் தருவது என்பதே கடும் பேரம். கோடைகாலப் பயிற்சியில் திறமை காட்டியவர்களுக்கு அதற்கு முன்பே வேலை உறுதியாகிவிடுவதும் உண்டு.

நிறுவனங்கள் ஆளை எடுத்துக்கொண்டு போவதோடு உறவு முடிவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் வேலைவாய்ப்போடு தொடர்புடைய தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் இடம்பெற வேண்டும். எந்த நிரல்மொழியைக் கற்பிப்பது, எதைக் கைவிடுவது என்பதில் அவர் கருத்துக்கு எடை உண்டு.

அரசின் கை பல திட்டங்கள் வழியாக நீள்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. ஓராண்டுப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 2019 விதிகள் பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாயாக நிர்ணயித்தன. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமோ வேலைக்கான திறன் பயிற்சியைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே நுழைத்தது. மத்திய அரசு 2024இல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் இந்த மையங்களை ஒதுக்கிவிட்டு, இளைஞர்கள் நேரடியாக இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொல்கிறது. ஐந்தாண்டுகளில் ஒரு கோடிப் பேருக்கு முன்னணி 500 நிறுவனங்களில் பயிற்சி என்பது அதன் இலக்கு.

எதிர்த்திசையில், மையங்களிலிருந்து அரசுக்குப் போவது எண்கள். கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு 2015இல் உருவாக்கப்பட்டு, 2016இல் முதல் பட்டியல் வெளியானது. பொறியியல் பிரிவில் மொத்த மதிப்பில் 20 விழுக்காடு பட்டப்படிப்பின் விளைவுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எத்தனை பேர் வேலைக்கோ உயர்கல்விக்கோ போனார்கள் என்பதோடு இடைநிலைச் சம்பளமும் அதில் அடக்கம். சராசரியை விட்டு இடைநிலையைக் கேட்பது விவரமறிந்த முடிவு. வெளிநாட்டு வேலை பெற்ற ஒரே மாணவர் போதும், வகுப்பின் சராசரி வானுக்கு எகிறிவிடும். நடுவில் நிற்பவரின் சம்பளம் அப்படி அசையாது. கல்லூரி விளம்பரப் பலகைகளோ உச்சச் சம்பளத்தையே பெரிய எழுத்தில் போடுகின்றன. பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பார்ப்பதும் அந்தப் பலகையைத்தான்.

இப்படி எண்ணே அளவுகோலானதால் மையத்தின் வேலையும் அதற்கேற்பச் சுருங்கிவிட்டது. நூறு பேரை ஒரே நாளில் எடுக்கும் நிறுவனத்தை அழைத்து வருவது கணக்கில் ஏறும். வரலாறு படித்த மாணவியிடம் அவளுக்கு ஏற்ற தொழில் எது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது ஏறாது. கலை, அறிவியல் கல்லூரிகளில் அரசுப் பணித் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படிப்பவர்களும் இந்தப் புள்ளிவிவரத்தில் எளிதில் பிடிபடுவதில்லை.

ஆஃபர் கையில் கிடைத்தாலும் பணியில் சேரும் நாள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னும், 2022–23இலும் தேர்வான பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மையம் செய்யக்கூடியது குறைவு. கல்லூரி வலுவானதாக இருந்தால் அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்துக்குக் கதவைச் சாத்தலாம். சொன்ன வேலையைத் தராமல் பின்வாங்கிய பல நிறுவனங்களுக்கு ஐ.ஐ.டி.களின் கூட்டு வேலைவாய்ப்புக் குழு 2016இல் அப்படித் தடை விதித்தது. ஆள் எடுக்க யாராவது வந்தால் போதும் என்றிருக்கும் கல்லூரிகளுக்கு அந்த வழி இல்லை.