மதுமனையில் ஒரு படுக்கை

மைசூருக்கு வரும் உறவினரை அரண்மனைக்கும் சாமுண்டி மலைக்கும் அழைத்துச் செல்லும் நாம், கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் வாயிலை மட்டும் காட்டாமலே அனுப்பிவிடுகிறோம். 1905ஆம் ஆண்டு, கீழ்த்திசை நூலகம் என அன்று வழங்கிய அவ்விடத்திற்குத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றைக் கொணர்ந்து ஒப்படைத்தார். நூலகர் சாமசாத்திரியார் அதனைப் படித்து, மறைந்துபோயிற்று என்றே அறிஞர் கருதியிருந்த கௌடலியரின் அர்த்தசாத்திரம் அது எனக் கண்டார். 1909இல் மூலத்தையும், 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். தமிழ் நிலத்திலிருந்து மைசூருக்குக் குடிவந்தவற்றுள் இதனினும் பெருமை வாய்ந்தது பிறிதொன்றில்லை எனலாம். நாமும் குடிவந்தவர்களே ஆதலின், இதைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் மதுக் கண்காணிப்பாளனுக்குரிய இயல் ஒன்றுளது. மதுவினால் அரசு பொருளீட்டுவதை அது மறைக்கவில்லை. ஆயினும், மதுக்கடைகள் நெருங்கி அமைதலாகாது. நல்லொழுக்கத்தினர் என அறியப்பட்டோரே சிறிதளவு வெளியே எடுத்துச் செல்லலாம். ஏனையோர் அங்கேயே பருகுதல் வேண்டும். அதற்கான மதுமனையில் பல அறைகளும், தனித்தனிப் படுக்கைகளும் இருக்கைகளும், மலரும் நீரும் அமைதல் வேண்டும். மயங்கி உறங்குவோரின் அணிகலனோ ஆடையோ பணமோ களவு போயின், விற்ற வணிகனே ஈடு செய்து, அதே அளவு தண்டமும் இறுத்தல் வேண்டும்.

படுக்கை என்னும் சொல்லில் நம் கண் நின்றுவிட்டது. குடித்தவன் அன்றிரவே வீடு திரும்பியாக வேண்டும் என்று அந்நூல் எதிர்பார்க்கவில்லை. மதுமனையில் ஒற்றரையும் அமர்த்தச் சொல்வதால், இது முற்றும் அருளால் விளைந்த ஏற்பாடு அன்று. ஆயினும் பயன் பயனே.

இந்நகரத்து ஜட்கா வண்டிக் காலத்திலும் இடர் பெரிதில்லை. வண்டிக்காரன் மயங்கினும் குதிரை மயங்குவதில்லை. அதற்கு வீட்டு வழி தெரியும். மோட்டாருக்குத் தெரியாது.

பின்வந்த சட்டங்கள் நெடுங்காலம் குடியையே நோக்கின. 1937இல் இராசாசி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மைசூர் மாநிலம் 1967இலும், தமிழகம் 1971இலும் அதனைத் தளர்த்தின. தமிழகம் பின்னர் மீண்டும் விதித்து, மீண்டும் நீக்கியது. சாலையை நோக்கிய சட்டமோ பெரும்பாலும் ஓட்டுபவரையே பிடிக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற்குற்றத்திற்கு 10,000 ரூபாய் தண்டமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்றது. மறு ஆண்டே நகராட்சி எல்லைகளுக்கு அத்தடை இல்லையென விளக்கியது. படுக்கையைப் பற்றி எவரும் பேசவில்லை.

பேச வேண்டிய காரணம் கணக்கிலேயே உள்ளது. உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் அளவே மதுவைக் குறைக்கும். காப்பியோ குளிர்நீர்க் குளியலோ அதனை விரைவுபடுத்தா. இரவு பதினொரு மணிக்கு 90 மில்லிகிராம் உடையவர் சட்ட அளவிற்கு இறங்கவே மூன்று மணியாகும். முற்றும் தெளிய ஐந்து மணி. “ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்” என்பது வீண்பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் இல்லத் திருமண வரவேற்பு முடிந்து, இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். வீடு சேரவில்லை. மேசைமேல் அவர் மறந்துவிட்டுச் சென்ற சாவியை, வாசல்வரை ஓடிச்சென்று கொடுத்தவர்கள் நாமே. அவருடைய தாயார் இன்றும் நம் விழாக்களுக்கு வருகிறார். அச்சாவியைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற தசரா விருந்துக்கு மண்டபம் பேசியபோது, மாடியறைகள் இரண்டையும் பன்னிரண்டு பாய்களையும் சேர்த்தே கேட்டு வாங்கினோம். ஒன்பது பாய்கள் விரிக்கப்பட்டன.