மரக்காளானைக் கைவினைப் பொருளாக்கலாம்: உலர்த்தும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

போர்ட் கிள்ளான் – பட்டுப்போன ரப்பர் மரத்திலும், வெட்டிப் போட்ட ரம்புத்தான் கட்டையிலும், செம்பனையின் அடியிலும் தட்டுபோல் நீண்டு வளரும் கெட்டியான காளானைத் தோட்டப்புற மக்கள் அனைவரும் பார்த்திருப்பர். சமையலுக்கு உதவாத இந்த மரக்காளானை முறையாக உலர்த்தினால் பல ஆண்டுகள் கெடாது. சுவர் அலங்காரம், கொலு மேடை, பள்ளிக் கண்காட்சி, ஓவியம் என அதைப் பலவற்றுக்குப் பயன்படுத்தலாம். ஆனால், எங்கிருந்து எடுக்கிறோம், எப்படி உலர்த்துகிறோம் என்பதில் கவனம் தேவை.

எந்தக் காளான் ஏற்றது?

விரலால் அழுத்தினால் கட்டைபோல் உறுதியாக இருப்பதே ஏற்றது. குடை வடிவில் முளைக்கும் மென்மையான காளான்கள் காய்ந்தால் சுருங்கிவிடும்; ஈரம் நின்றால் அழுகிவிடும். பட்ட மரங்களில் காணப்படும் மெல்லிய செம்மஞ்சள் நிறத் தட்டுக்காளான் எளிதில் காயும். தொடக்கநிலையில் உள்ளோர் அதிலிருந்து தொடங்கலாம்.

அடிப்பக்கம் வெண்மையாக இருக்கும் ஒருவகைத் தட்டுக்காளானில் ஊசியால் கீறினால், கீறிய இடம் பழுப்பாக மாறும். காளான் பச்சையாக இருக்கும்போதே படத்தை வரைந்து முடிக்க வேண்டும். காய்ந்தபின் அந்தக் கோடுகள் அப்படியே நின்றுவிடும். விரல் பட்டாலும் கறை விழும் என்பதால், ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

செம்பனைக் காளானில் எச்சரிக்கை

செம்பனையின் அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில், மெருகு பூசியதுபோல் பளபளக்கும் காளான் பார்வைக்கு மிக அழகானது. ஆனால், அது கானோடெர்மா என்னும் அடித்தண்டு அழுகல் நோயின் அடையாளம். மலாயாவில் இந்நோய் 1931ஆம் ஆண்டிலேயே பதிவானது. கடலோர மண்ணிலும், தென்னை இருந்த இடத்தில் செம்பனை நட்ட நிலங்களிலும் இதன் பாதிப்பு அதிகம்.

வெளியே தெரியும் தட்டு நோயின் காய் போன்றது; நோய் இருப்பது தண்டுக்கும் வேருக்கும் உள்ளே. எனவே, தட்டைப் பிய்த்தெடுத்தால் மரம் பிழைத்துவிடாது. காளான் வெளிவரும்போது அடித்தண்டு உள்ளே பெரிதும் அழுகியிருக்கக்கூடும். அத்தகைய மரம் திடீரெனச் சாயும் என்பதால் பிள்ளைகளை அருகில் விடக்கூடாது.

தோட்டத்தில் இதைக் கண்டால் முதலில் மண்டோரிடமோ நிர்வாகத்திடமோ தெரிவிப்பதே முறை. நோய் வேர் வழியாகப் பரவுகிறது. காளானின் அடிப்பக்கத்திலிருந்து உதிரும் பழுப்பு நிற வித்துத்தூள் வழியாகவும் பரவ வாய்ப்புண்டு. பச்சைக் காளானை வேறு தோட்டத்திற்கோ வீட்டுத் தென்னை அருகிலோ கொண்டு செல்லக்கூடாது.

உலர்த்தும் முறை

1. மண்ணையும் பூச்சியையும் மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. வித்துத்தூள் மூச்சில் ஏறாமல் இருக்க முகக்கவசம் அணிவது நல்லது.

2. காளானுக்குள் சிறு வண்டுகள் துளையிட்டு முட்டையிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, இரண்டு வாரம் ஃபிரீசரில் வைத்தால் அவை மடியும். இதைத் தவிர்த்தால், சில மாதங்களில் பொருள் மாவாக உதிரும்.

3. பின்னர் கம்பி வலைமீது வைத்து, காற்றோட்டமான நிழலில் காயவிட வேண்டும். மெல்லியவை ஒரு வாரத்தில் காயும். தடித்தவைக்கு ஒரு மாதத்திற்கும் மேலாகலாம்.

4. கிள்ளான் வட்டாரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஆகவே, இறுதியாக ஓவனில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில், கதவைச் சற்றுத் திறந்துவைத்துச் சில மணி நேரம் உலர்த்தலாம். அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும்.

5. சமையல் தராசில் எடை பார்க்கவும். மூன்று நாள் இடைவெளியில் எடை குறையாமல் நின்றால் உள்ளீரம் போய்விட்டது என்று பொருள்.

முழுமையாகக் காய்ந்த பின்னரே சாயமோ வார்னிஷோ பூச வேண்டும். ஈரத்தோடு பூசினால் உள்ளே பூசணம் பிடிக்கும். ஊசியால் வரைந்த பக்கத்தில் வார்னிஷ் பூசினால் வெண்மை மங்கும் என்பதால், அதை அப்படியே விடுவது நல்லது. பயன்படுத்தாத நாள்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் தகர டின்னில் வைக்கலாம்.

உலர்ந்த காளான் எளிதில் தீப்பற்றும். ஐரோப்பாவில் பழங்காலத்தில் தீ மூட்டவே ஒருவகை மரக்காளானைப் பயன்படுத்தினர். ருமேனியாவின் கோரோண்ட் கிராமத்தில் அதே காளானைப் பதப்படுத்தித் தொப்பி செய்யும் கைத்தொழிலும் உண்டு. எனவே, தீபாவளிக்கு இதன்மேல் அகல் விளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றிவைக்கக் கூடாது.

அனுமதி தேவை

நிரந்தரக் காப்பு வனத்திலிருந்து உரிமமின்றி வனப்பொருள்களை எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும். தோட்ட நிலத்திலும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சொந்த வீட்டு வளாகத்தில் விழுந்து கிடக்கும் கட்டையே பாதுகாப்பான இடம். அங்கும் எல்லாவற்றையும் பறிக்காமல், சிலவற்றை விட்டுவைக்கலாம். பட்ட மரத்தை மண்ணாக்கும் வேலையை அவைதான் செய்கின்றன.

மரக்காளான் சில மருந்துக் கடைகளில் விற்கும் லிங்சி காளானைப் போலத் தோன்றக்கூடும். அடையாளம் தெரியாத எதையும் கொதிக்கவைத்துக் குடிக்கவோ, பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ கூடாது.