டைனமோ காலத்துச் சிவப்பு விளக்கு

பழைய அம்பாசிடரில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். என்ஜின் ஓடத் தொடங்கி, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அணைந்துவிடும். பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்லும் விளக்கு அது. சென்சாரோ கம்ப்யூட்டரோ இல்லாமல், ஒரு சின்ன பல்பையும் இரண்டு ஒயர்களையும் வைத்தே அந்த வேலையை முடித்திருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் பர்மிங்காம். 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் லூகாஸ் அங்கே சைக்கிள் விளக்கு செய்து பெயர் வாங்கினார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாரம் தரும் டைனமோ, செல்ஃப் மோட்டார், ஸ்விட்ச் என்று அத்தனையும் செய்து கொடுத்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தில் 1957இல் வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் பிறந்தபோது, அந்த மின்சார முறையும் கூடவே வந்தது. 1961இல் டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் கைகோத்து லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியில் இந்திய வண்டிகளுக்கான மின்சாதனங்கள் தயாராகத் தொடங்கின.

விளக்கின் ஒரு முனை இக்னிஷன் ஸ்விட்சோடும், மறுமுனை டைனமோவின் ‘டி’ டெர்மினலோடும் சேரும். டைனமோ சுற்றாமல் நிற்கும்போது அதன் சுருள் வழியே எர்த்துக்குப் பாதை கிடைக்கிறது. பேட்டரி மின்சாரம் பல்பின் வழியாகப் பாய்ந்து விளக்கு எரிகிறது. டைனமோ வேகமெடுத்து பேட்டரிக்கு நிகரான வோல்டேஜைத் தந்ததும், பல்பின் இரு பக்கமும் ஒரே அழுத்தம். மின்சாரம் பாய வழியில்லை, விளக்கு அணைகிறது. ஏறத்தாழ 13 வோல்டில், டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கும் கட்-அவுட் ரிலே மூடிக்கொள்ள, பேட்டரிக்கு சார்ஜ் ஏறத் தொடங்கும்.

இந்த எளிமைதான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ற தொழிலை வளர்த்தது. விளக்கு எரியும் விதத்தைப் பார்த்தே பாதிப் பழுதைச் சொல்லிவிடலாம். ஐட்லிங்கில் மினுங்கினால் பழுதில்லை. அந்த வேகத்தில் டைனமோவால் முடிந்தது அவ்வளவுதான். ஓடும்போது பளிச்சென்று எரிந்தால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது என்பதால், பெல்ட் அறுந்திருந்தால் அடுத்து ரேடியேட்டர் கொதிக்கும். பெல்ட் நன்றாக இருந்தும் விளக்கு அணையாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டரில் அழுக்கு படிந்திருக்கலாம்.

சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால்? புதியவர்களைத் திகைக்க வைக்கும் பழுது அது. கட்-அவுட்டின் பாயின்ட்கள் தீய்ந்து ஒட்டிக்கொண்டு விட்டன என்று பொருள். மின்சாரம் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பிப் பாய்கிறது. பல்பிலோ எதிர்த்திசையில் பாய்ந்து இக்னிஷன் சுற்றுக்குள் போகிறது. பேட்டரி ஒயரை உடனே கழற்றாவிட்டால் டைனமோவே வெந்துபோகும். ஒயரைக் கழற்றி, பாயின்ட்களைப் பிரித்து, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, நடுவில் தாளை விட்டுத் துடைத்தால் பல நேரம் அதுவே போதும்.

டேஷ்போர்டின் இன்னொரு விளக்கான எண்ணெய் அழுத்த விளக்கின் கதை இன்னும் சுருக்கம். அது அணையாமல் எரிந்தால், என்ஜினில் இருக்கும் அதன் ஸ்விட்சின் ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. அணைந்தால், ஸ்விட்ச் கெட்டிருக்கிறதா, ஆயில் பிரஷரே இல்லையா என்று பார்க்க வேண்டும். அதுவரை என்ஜினை ஓட்டக் கூடாது.

லூகாஸ் ஒயர்களின் நிறமும் கைகொடுத்தது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸுக்குப் பிந்தைய இணைப்பு, கறுப்பு எர்த். ஆனால் வருடக்கணக்கில் தூசியும் ஆயிலும் ஏறினால் எல்லா ஒயரும் ஒரே நிறம்தான். அப்போது நம்பிக்கைக்குரியது டெஸ்ட் லேம்ப்: முதலைக் கிளிப்பை எர்த்தில் மாட்டி, கம்பி முனையால் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். களிம்பேறிய எர்த் முனை ஒன்றே பல விளக்குகளை ஒருசேர மங்கலாக்கிவிடும்.

பிறகு டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. அதில் அந்தச் சிறு பல்பின் பொறுப்பு கூடியது. ரோட்டருக்குத் தேவையான தொடக்க மின்சாரம் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமலே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் அந்த இடத்தில் எல்.இ.டி. மாட்டிவிட்டு, பேட்டரி ஏன் இறங்குகிறது என்று தேடுவது இதனால்தான். எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் ரோட்டரை எழுப்பப் போதாது; அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் சார்ஜ் ஏறும்.