குழந்தைக் கடத்தல் தடுப்பு: திருவனந்தபுரம்

குழந்தைகளை விற்பதற்கும் வாங்குவதற்கும், சுரண்டுவதற்காக ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதற்கும் எதிராகத் திருவனந்தபுரத்திலிருந்து ஆண்ட அரசுகள் எடுத்த நடவடிக்கைகளின் வரலாறு இரு நூற்றாண்டுகளைத் தாண்டியது. தடைச்சட்டம் தனித்து நின்றபோது அது பாதியளவே பலித்தது என்பதும், பிள்ளையைப் பறிகொடுக்கும் நிலையிலிருந்தவர்களுக்கு வேறு வழி திறந்தபோதுதான் சட்டத்துக்கு வலுவேறியது என்பதும் அவ்வரலாற்றில் தெரியும். திருவிதாங்கூர் அரசி கௌரி லட்சுமிபாய் 1812இல் அடிமை விற்பனையைத் தடைசெய்தார். நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவடிமைகளை அத்தடை காக்கவில்லை. அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் அடிமைகளல்லர் என 1853இலும், அடிமைமுறையே ஒழிந்தது என 1855இலும் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆணையிட்டார். ஆணையோடு நிலம் வரவில்லை. விடுதலை பெற்றவர்கள் பழைய உடைமையாளர்களின் வயலையே நம்பி வாழ்ந்தனர்.

விடுதலை இந்தியாவில் அரசமைப்பின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தைத் தடைசெய்தது. குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் திருவனந்தபுரத்தின் குறிப்பிடத்தக்க முயற்சி தண்டனையைச் சார்ந்ததன்று. தமிழ்நாடு 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் போல, கேரள மாநிலக் குழந்தைகள் நல மன்றம் 2002 நவம்பர் 14 அன்று நகரின் தைக்காட்டில் ‘அம்மத்தொட்டில்’ அமைத்தது. குழந்தையைக் கிடத்தியதும் மணி ஒலிக்கும். விட்டுச்சென்றவரின் அடையாளம் கேட்கப்படாது. இது பொறுப்பின்மையை வளர்க்கும் என்பார் உண்டு. தொட்டில் இல்லாவிட்டால் அந்தத் தாய்க்கு மிஞ்சுவது பெரும்பாலும் புதரோ தரகரோதான். தொட்டிலுக்கு வரும் குழந்தையோ குழந்தைகள் நலக் குழுவின் விசாரணைக்குப் பிறகே தத்துக்குப் போகிறது. ஆயினும் அதே தைக்காட்டின் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தை 3 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டதாக 2023இல் புகார் எழுந்து, குழந்தை மீட்கப்பட்டது. வழி அருகில் இருந்தால் மட்டும் போதாது, பிரசவத்துக்கு முன்பே ஆலோசனையாக அது தாயை எட்டவேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

வறுமையால் நேரும் இடப்பெயர்வையும் கடத்தலையும் பிரித்தறிவது இன்னும் கடினம். 2014 மே மாதம் ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து கேரள அநாதை இல்லங்களுக்கு வந்த நானூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாலக்காடு ரயில் நிலையத்தில் உரிய ஆவணங்களின்றித் தடுக்கப்பட்டனர். வழக்கு சிபிஐக்குப் போனது. இது கடத்தலன்று, இலவசக் கல்விக்கான பயணம் என்பதே முடிவாயிற்று. அப்படியானால் தடுத்தது தவறா? தவறன்று; ஆவணமற்ற குழந்தை யாருடன் எங்கே போகிறது என்று கேட்பது அரசின் கடமை. தவறியது வேறிடத்தில்: அந்தப் பிள்ளைகள் படிக்கவும் உண்ணவும் சொந்த ஊரில் ஏன் வழியில்லை என்ற கேள்வி குற்ற விசாரணைக்குள் அடங்கவில்லை. பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்துக் காக்க மாதம் 4,000 ரூபாய் தரும், மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் ஆதரவு உதவி அக்கேள்விக்கு நெருங்கிய விடை. அது புறப்படும் ஊர்களின் வீடுகளை எட்டாதவரை, சேரும் மாநிலத்தின் ரயில் நிலையச் சோதனை பாதி வேலையே.