நான்கா? ஆறா? இருபத்தைந்தா?

நரம்பின் வழியே செய்தி செல்வது எங்ஙனம் என்னும் வினாவுக்குக் கேம்பிரிட்ஜ் அறிஞர்களான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ஆம் ஆண்டில் விடை கூறினர். அவர்கள் ஆய்ந்தது கணவாயின் பருத்த நரம்பிழையை. அதன் மென்படலத்தில் மின்னழுத்தம் மாறியதும் பொட்டாசியம் அயனிகளின் ஓட்டம் உடனே பெருகுவதில்லை. சற்றுத் தயங்கியே எழுகின்றது. அயனி செல்லும் வாயில் திறக்க நான்கு துகள்கள் ஒருங்கே உரிய இடத்தில் அமைய வேண்டும் எனக் கொண்டால், அத்தயக்கம் ஒருவாறு விளங்கும். ஆகவே சமன்பாட்டில் நான்காம் அடுக்கை வைத்தனர்.

ஏன் நான்கு? ஐந்தாம் அடுக்கோ ஆறாம் அடுக்கோ இன்னும் நன்கு பொருந்தியிருக்கலாம் என அவர்களே எழுதியுள்ளனர். ஆயினும் கூடுதற் சிக்கலுக்கு ஈடான பயன் இல்லையென விடுத்தனர். பல்கலைக்கழகத்தின் மின்கணிப்பொறி அந்நாளில் பயன்பாட்டில் இல்லை. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் பொறியிலேயே வாரக்கணக்கில் கணக்கிட்டார்! சமன்பாடு பொருந்திவிட்டது என்பதனால் தாம் கருதிய அமைப்பே மெய்யென்று ஆகாது என்றும் அவர்கள் குறித்து வைத்தனர். வெற்றி கண்டோர் இவ்வாறு எழுதுதல் அரிது.

1960-இல் கோல், மூர் என்போர் தொடக்க அழுத்தத்தை மிகத் தாழ்த்தி ஆய்ந்தனர். தயக்கம் நீண்டது, அதற்கு இருபத்தைந்தாம் அடுக்கு வேண்டியதாயிற்று. ஒரு வாயிலுக்கு இருபத்தைந்து துகள்கள் என்றால் யார் நம்புவர்? பொருத்தம் ஒன்றையே நாடினால் எண்கள் பெருகிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது? அதுவரை அறிஞர் தம் கண்ணளவே அளவுகோலாக இருந்தது.

ஜப்பானிய அறிஞர் அகைக்கே 1974-இல் ஒரு விதியை வெளியிட்டார். ஆய்வாளர் தம் விருப்பப்படி பொருத்திக்கொள்ளும் எண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி தண்டம்; பொருத்தத்தால் வரும் ஆதாயம் அதனை விஞ்சினாலன்றிப் புதிய எண்ணுக்கு இடமில்லை. 1978-இல் ஷ்வார்ஸ் தண்டத்தைக் கடுமையாக்கினார். அவர் முறையில் ஆயிரம் அளவீடுகள் இருப்பின், ஓர் எண்ணுக்குத் தண்டம் ஏறத்தாழ 6.9 ஆகும். அளவீடுகள் மிகுந்தால் தண்டமும் மிகும்.

இதற்கிடையே, 1976-இல் நெஹர், சக்மன் இருவரும் தவளைத் தசையில் ஒற்றை வாயிலின் மின்னோட்டத்தையே பதிவு செய்தனர். வாயில் திறந்திருந்த நேரமும் மூடியிருந்த நேரமும் தனித்தனியே எண்ணத்தக்கனவாயின. அதனால் ஒரு வழக்கும் எழுந்தது. வாயிலுக்குச் சில நிலைகளே உண்டு. எவ்வளவு நேரம் தங்கியிருப்பினும், ஒரு நிலையை விட்டு நீங்கும் வாய்ப்பு மாறாது என்பது மார்க்கோவ் வழி வந்தோர் கட்சி. தங்கிய நேரம் நீள நீள அவ்வாய்ப்புக் குறைந்துகொண்டே செல்லும் என்றது 1987-இல் லீபோவிச் முதலியோர் கொணர்ந்த பின்னக் கொள்கை. பின்னையதற்குச் சில எண்களே போதும். எளிமையே அதன் அழகு. 1988-இல் கோர்ன், ஹார்ன் இருவரும் இரண்டையும் நிறுத்துப் பார்த்தனர். கூடுதல் எண்களுக்கு உரிய தண்டம் செலுத்திய பின்னும் மார்க்கோவ் கட்சியே முந்தியது. அதே ஆண்டில் மாக்லபி குழுவினரும் நான்கு வகை வாயில்களை ஆய்ந்து, பின்னக் கொள்கை போதாது என்றனர்.

கணவாய் வாயிலின் பழைய வினா வேறொரு வழியில் திரும்பி வந்தது. 1991-இல் மெக்கின்னன் தேள் நஞ்சைக் கருவியாகக் கொண்டு, பழ ஈயின் பொட்டாசியம் வாயில் எத்தனை புரதத் துண்டுகளால் ஆனது எனக் கணக்கிட்டார். விடை நான்கு! ஆறாம் அடுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும் அல்லவா?