சூடானால் அடம் பிடித்த கார்கள்

தேனியிலிருந்து மேற்கே போனாலும் தெற்கே போனாலும் கடைசியில் மலைதான். போடி வழியாகப் போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டு. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் கடைசி வரை போனால் லோயர் கேம்ப். அங்கிருந்து மளமளவென்று ஏறினால் சுமார் 900 மீட்டர் உயரத்தில் குமுளி. சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளுக்கும் இதுதான் பாதை.

அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில், காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்ட கார், மலை ஏறி முடித்து டீ குடிக்க நிறுத்திய கால் மணி நேரத்தில் வீம்பு பிடிக்கும். செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கிவிடும். அப்புறம் என்ன, எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்! பாதி வழியில், வளைவில் நின்றுவிட்டால் பின்னால் வரும் லாரியும் பஸ்ஸும் சேர்ந்து நிற்கும்.

இதில் வேடிக்கை, கார் நின்ற உடனே மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துச் செய்தாலும் பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரைதான் தகராறு. நோயின் குறிப்பே இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, ஃபேன் காற்றை இழுக்கிறது, டேங்கிலிருந்து புது பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்தவுடன் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்பில் ஏறிய சூடு எங்கே போகும்? மேலே இருக்கிற கார்புரேட்டருக்கும் பக்கத்தில் இருக்கிற பெட்ரோல் பம்ப்புக்கும்தான். அதாவது எஞ்சினை நிறுத்திய பிறகுதான் பானெட்டுக்குள் இன்னும் சூடாகிறது. பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்குபவை. போதாக்குறைக்கு மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு (போடிமெட்டு உயரத்தில் சுமார் 15 சதவீதம்), அதனால் கொதிப்பது இன்னும் சுலபம். சமவெளியில் ஒழுங்காக ஓடிய கார் குமுளியில் மட்டும் மானத்தை வாங்கியது இதனால்தான்.

கொதித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பம்ப்பிலோ குழாயிலோ ஆவி அடைத்துக்கொண்டால் பெட்ரோலே வராது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது கொதித்து எஞ்சினுக்குள் வழிந்தால் தேவைக்கு மேல் பெட்ரோல். முதலாவது பட்டினி, இரண்டாவது அஜீரணம்! வெளியே தெரியும் அறிகுறி இரண்டுக்கும் ஒன்று, வைத்தியமோ நேர் எதிர். அனுபவசாலி மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் வழிந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து உள்ளே காற்றை விட வேண்டும். காய்ந்திருந்தால் ஆவி அடைத்திருக்கிறது. பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து ஈரத்துண்டைச் சுற்றுவது இந்திய மலைப்பாதைகள் எல்லாவற்றிலும் தெரிந்த வைத்தியம். (அமெரிக்காவில் பெட்ரோல் குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை மாட்டிவைத்தார்கள். அது நிஜமாகவே வேலை செய்ததா என்பதில் இன்றும் சண்டை உண்டு.)

மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு. காயிலோ கண்டன்சரோ பழுதாகத் தொடங்கினால் குளிரில் ஒழுங்காக இருந்து சூட்டில் மட்டும் கைவிடும். அதனால் முதலில் பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். இந்த வரிசையைத் தவறவிட்டவர்கள் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினார்கள். அடுத்த முறை மலை ஏறியதும் புது பேட்டரியும் இறங்கியது!

பள்ளத்தாக்கின் உண்மையான மலை வண்டியான ஜீப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களையும் ஆண்களையும் விடியற்காலையில் ஏற்றிப் போகும் ஜீப்புகள் டீசலில் ஓடுபவை. டீசல் கொதிக்க ஏறக்குறைய 180 டிகிரி வேண்டும், பானெட் சூடு அதற்கு எம்மாத்திரம்? டீசலை வாங்க வைத்தது அதன் விலையும் இழுவையும்தான். ஆனால் நேரத்துக்குத் தோட்டம் போய்ச் சேராவிட்டால் அன்றைய கூலி இல்லை என்கிற பிழைப்பில், சூட்டிலும் பிடிக்கிற எஞ்சின் சின்ன விஷயம் அல்ல.

பெட்ரோல் கார்களுக்கு விடிவு வந்த வழிதான் யாரும் எதிர்பாராதது. பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் மின்னணு முறையை பாஷ் நிறுவனம் 1967-லேயே ஃபோக்ஸ்வாகன் கார்களில் கொண்டுவந்துவிட்டது. நம் கார்களில் அது பரவலாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அப்போதும் மலையில் நின்ற கார்களுக்காக அது வரவில்லை, டெல்லியின் புகைக்காக வந்தது. எம்.சி. மேத்தா 1985-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரல் 29 அன்று, தலைநகர்ப் பகுதியில் புதிய கார்களுக்கு யூரோ 1, அடுத்த ஆண்டே யூரோ 2 என்று கெடு விதித்தது. 2000 ஏப்ரலில் யூரோ 1-க்கு இணையான அளவுகளும், 2005 ஏப்ரலில் பாரத் 2 அளவுகளும் நாடு முழுவதற்கும் வந்தன. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு இந்த அளவுகளோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் வந்த சான்ட்ரோவில் கார்புரேட்டரே கிடையாது. 2000 வாக்கில் மாருதி 800-ம் அந்த வழிக்கு வந்தது.

புதிய முறையில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது. எஞ்சின் சூடு அதைத் தொடாது. குழாயில் காற்றழுத்தத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு கூடுதல் அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் எளிதில் கொதிக்கவும் முடியாது. டெல்லிக்காரர்கள் மூச்சு விடுவதற்காகப் போட்ட உத்தரவு, குமுளி வளைவில் ஈரத்துண்டோடு நின்ற டிரைவரையும் காப்பாற்றியது. பல ஆண்டு டிரைவர்களின் புலம்பல் எந்தக் கம்பெனியையும் அசைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோய் அடியோடு போய்விடவும் இல்லை. இன்று சூட்டில் பிடிக்காத கார் வந்தால் சந்தேகம் வேறு இடங்களில் விழுகிறது: கிராங்க் சென்சார் சூட்டில் செத்துப்போகிறதா, வெப்பத்தைச் சொல்லும் சென்சார் எஞ்சின் குளிர்ந்திருப்பதாகப் பொய் சொல்கிறதா, ஊசி ஒழுகுகிறதா. ஸ்கேனரை மாட்டினால் கோளாறுக்குறி எண்ணாக வரும், சில நேரம் வராது. சூட்டில் மட்டும் சாகும் சென்சார் ஆறியதும் நல்ல பிள்ளையாகிவிடும். ஆகவே மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, அந்தப் பழைய கால் மணி நேரம் காத்திருந்துதான் மறுபடி சாவியைத் திருப்புகிறார்.