கீமோதெரபி நரம்புவலி

புற்றுநோய்க்கான சில மருந்துகள் புற நரம்புகளைப் பாதிப்பதால் கை கால்களில் உண்டாகும் வலி, எரிவு, விறைப்பு. பாக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின், ஒக்ஸாலிபிளாட்டின், போர்டெசோமிப், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின் ஆகியவை இதற்குப் பெயர்போனவை.

அறிகுறிகள்: நீண்ட நரம்புகளே முதலில் பழுதடைவதால் விரல் நுனிகளில் தொடங்கி மேலேறும். சட்டைப் பொத்தான் போடுவதே சிரமமாகும். ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய பின் சில நாட்களுக்குக் குளிர் பட்டாலே சுள்ளென்று குத்தும். பிளாட்டினம் வகை மருந்துகளில், சிகிச்சை முடிந்தும் சில மாதங்கள் பாதிப்பு கூடலாம்.

புத்தளம் கரையோரத்தில்: கற்பிட்டி, உடப்புப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடுவோர் ஒக்ஸாலிபிளாட்டின் பெறும் காலத்தில் வெறுங்கையால் ஐஸைத் தொடக்கூடாது. உணர்வு மங்கிய பாதத்தில் சிப்பி ஓடு கிழித்தாலும் தெரியாது. ஆகவே உப்பளத்திலும் களப்பிலும் செருப்பு அவசியம், இரவில் பாதங்களைப் பார்ப்பதும் அவசியம்.

சிகிச்சை: உறுதியான தடுப்பு மருந்து இல்லை. வலிக்கு டுலோக்செடினை மட்டுமே அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2014, 2020 வழிகாட்டல்களில் பரிந்துரைத்தது. விறைப்பு தொடங்கியதுமே, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ வேறெங்கோ, சிகிச்சையளிக்கும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைப்பதும் தள்ளிப்போடுவதும் அவர் முடிவு. நோயாளி தாமாக நிறுத்தக்கூடாது.